காற்று பலமாக அடித்தால்... பாம்பன் பாலமும் கணினிக்குப் புரியும் விதிகளும்

முன்னுரை

"காற்று பலமாக அடித்தால் ரயிலைப் பாலத்தில் விடாதே."

மண்டபத்திலோ பாம்பனிலோ யாரிடம் இந்த வரியைச் சொன்னாலும் உடனே புரிந்துவிடும். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் இதே வரியை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். 'பலமாக' என்றால் எவ்வளவு? எந்த இடத்துக் காற்று? ஒரு நொடி வீசினால் போதுமா, ஐந்து நிமிடம் தொடர்ந்து வீச வேண்டுமா? ரயில் ஏற்கெனவே பாலத்தின் நடுவில் இருந்தால் என்ன செய்வது? காற்றை அளக்கும் கருவியே கெட்டுப்போனால்?

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது தினசரித் தலைவலி. வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பேச்சு மொழியில் சொல்கிறார். அதை 'ரிக்வயர்மென்ட்', அதாவது தேவை என்கிறார்கள். அந்தத் தேவையை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கும்படி, கணிதக் குறியீடுகளில் எழுதினால் அது 'பார்மல் ஸ்பெசிபிகேஷன்', அதாவது முறைசார் வரையறை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் பாதையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த பிரச்சினை என்று நினைத்தால் அது சரியல்ல. கப்பல்காரர்களும் ரயில்காரர்களும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதற்கான விலையை உயிர்களாகவும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்ல ராமநாதபுரம் கடற்கரையை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

பாலம்

மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைக்கும் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 40 அடி அகலமுள்ள 145 கண்கள். நடுவில் கப்பல் போக வழிவிடும் தூக்குப்பாலம். 'ஷெர்சர்' என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு அது. இரண்டு கைகளைத் தூக்குவது போல இரு பக்கமும் மேலே எழும்பும். ஆட்கள் லீவரைச் சுற்றித்தான் அதைத் திறந்து மூடினார்கள்.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில் இந்தப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி போகும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே பயணத்தில் ரயில், பாலம், கப்பல், காற்று, அலை எல்லாம் வந்துவிடும்.

இந்தப் பாலத்துக்கு எப்போதும் இரண்டு கேள்விகள். ஒன்று, தூக்குப்பாலம் சரியாக மூடியிருக்கிறதா? இரண்டு, காற்று ரயிலைத் தள்ளாத அளவில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி அப்படியில்லை. காற்றை முதலில் எண்ணாக மாற்ற வேண்டும்.

காற்று எண்ணான கதை

கடற்கரை மக்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லப் பஞ்சமே இல்லை. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று திசைக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் இந்தச் சொற்கள் அனுபவம் உள்ள ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில் பேசுவதற்கானவை. அனுபவம் இல்லாதவருக்கு அவை அளவு ஆகாது.

இதே சிக்கல் ஆங்கிலேயக் கடற்படைக்கும் இருந்தது. ஒரு கப்பல் தலைவர் 'கடுங்காற்று' என்று எழுதுவதை இன்னொருவர் 'நல்ல காற்று' என்று எழுதுவார். பிரான்சிஸ் பியூபோர்ட் என்ற அதிகாரி 1805-06 வாக்கில் ஒரு அளவுகோலை உண்டாக்கினார். 0 முதல் 12 வரை எண்கள். காற்றை நேராக அளக்கவில்லை. அந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துச் செல்ல முடியும் என்பதை வைத்து எண் கொடுத்தார். அதாவது 'பலம்' என்ற சொல்லுக்குப் பதிலாக, யார் பார்த்தாலும் ஒரே பதில் வரக்கூடிய ஒரு சோதனையை வைத்தார். இன்று மென்பொருள்காரர்கள் ஒரு தேவையைப் பற்றி முதலில் கேட்பதும் இதைத்தான். அதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

ரயில்வேக்கு இந்தப் பாடம் மிகக் கொடுமையாக வந்தது. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகே டே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்து விழுந்தது. அப்போது பாலத்தில் இருந்த ரயிலும் ஆற்றில் விழுந்து, அதிலிருந்த சுமார் 75 பேரும் இறந்தார்கள். பாலத்தை வடிவமைத்தவர் தாமஸ் பவுச். காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எதையும் கணக்கில் சேர்க்கவில்லை என்று அவர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். இன்னொரு பாலத் திட்டத்துக்காக அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி கொடுத்திருந்த கருத்து ஒன்று அவர் கையில் இருந்தது. அதில் இருந்த அளவு சதுர அடிக்கு 10 பவுண்டு. அதே காலத்தில் பிரான்சில் 55 பவுண்டு என்று கணக்கிட்டார்கள்! அந்தப் பாலத்தின் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் வேறு பல குறைகளும் இருந்தன. ஆனாலும் விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் ஒரு குழு உட்கார்ந்து 56 பவுண்டு என்று எண்ணை நிர்ணயித்தது.

'பாலம் காற்றைத் தாங்க வேண்டும்' என்பதை இதற்கு முன்னாலும் யாரும் மறுத்ததில்லை. எவ்வளவு காற்று என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

புயல் கூண்டு

பாம்பனில் மழைக்காலம் வந்தால் செய்தித்தாளில் தவறாமல் ஒரு வரி வரும். 'பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.' சில நாட்களில் அது 3 ஆகும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ல் தொடங்கப்பட்டது. துறைமுகங்களுக்கான இந்த எச்சரிக்கை முறையில் மொத்தம் 11 எண்கள். பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை பாதிக்கலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. இதில் 5ம் 6ம் ஒரே கடுமைதான். புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் கடக்கும். படிப்பறிவு இல்லாத மீனவரும் கம்பத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மொழி வேண்டாம், விளக்கம் வேண்டாம், ஒரு குறிக்கு ஒரே பொருள். இதை ஒரு முறைசார் மொழி என்றே சொல்லலாம்.

எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணான 11. அதன் பொருள் புயலைப் பற்றியது அல்ல. 'வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார்.' அதாவது, தகவல் வராமல் போவதும் ஒரு நிலைதான் என்று இந்த முறையை வகுத்தவர்கள் முன்கூட்டியே யோசித்து அதற்கும் ஒரு எண் கொடுத்துவிட்டார்கள்.

1964 டிசம்பர் 22

அந்த இரவைப் பற்றித் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் ஒரு விஷயம் பலருக்கும் குழப்பமாகவே இருக்கிறது. புயலில் சிக்கிய ரயில் பாம்பன் பாலத்திலிருந்து விழவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பாசஞ்சர், பாலம் இருக்கும் இடத்தைத் தாண்டித் தீவின் கிழக்குக் கோடியில், தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலில் அடித்துச் செல்லப்பட்டது. நள்ளிரவுக்குச் சற்று முன். ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை.

பரவலாகச் சொல்லப்படும் விவரம் இது. தனுஷ்கோடிக்குச் சில நூறு கஜம் முன்பு ரயில் நின்றது. சிக்னல் வேலை செய்யவில்லை. சிறிது நேரம் காத்திருந்த டிரைவர், நீண்ட விசில் கொடுத்துவிட்டு ரயிலை நகர்த்தினார். அப்போதுதான் ராட்சத அலை வந்தது.

டிரைவர் செய்தது சரியா தவறா என்று இன்று உட்கார்ந்து பேசுவது நியாயமல்ல. அவர் முன் இருந்த கேள்வியை மட்டும் பார்க்கலாம். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லையென்றால், அது தன் மிகக் கடுமையான நிலையைக் காட்டுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் உள்ள கோட்பாடு. வெளிச்சம் இல்லை என்றால் 'நில்'. மிக நல்ல விதி. 11ஆம் எண் கூண்டைப் போலவே மௌனத்துக்கும் பொருள் கொடுக்கும் விதி.

ஆனால் அந்த விதிக்குள் எழுதப்படாத ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நிற்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கைதான் அது. சமவெளியில் அது எப்போதும் உண்மை. இரு பக்கமும் கடல் உள்ள ஒரு மணல் திட்டில், கடலே தண்டவாளத்தின் மேல் ஏறி வரும் இரவில், அது உண்மையில்லை. நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. அந்த இரவில் பாதுகாப்பான முடிவு ஒன்றுதான் இருந்திருக்கும். பாம்பனிலிருந்து ரயிலைப் புறப்பட விடாமல் இருப்பது.

அந்தப் புயலில் பாலத்தின் 120க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சரிசெய்யப்பட்டது. கடலில் கிடந்த கர்டர்களைக் கண்டுபிடிக்க மீனவர்கள் உதவினார்கள். பாலம் பிழைத்தது. தனுஷ்கோடிக்கு அதன் பிறகு ரயில் ஓடவில்லை.

லீவரிலிருந்து சூத்திரம் வரை

ரயில்வே தன் விதிகளை வெறும் வார்த்தைகளாக விட்டுவைக்கவில்லை. 1856ல் ஜான் சாக்ஸ்பி என்பவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். தண்டவாளம் பிரியும் இடத்தின் லீவரும் சிக்னல் லீவரும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். முரணான இரண்டு நிலைகளை வைக்க முயன்றால் லீவர் நகராது. 'இன்டர்லாக்கிங்' என்று இன்று அழைக்கப்படும் முறையின் தொடக்கம் இது. விதியைப் படித்து நினைவில் வைத்துக் கீழ்ப்படிய வேண்டிய அவசியமில்லை. விதியை மீற முடியாதபடி இரும்பு தடுத்துவிடும்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1854ல், ஜார்ஜ் பூல் என்ற கணித ஆசிரியர் 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' ஆகியவற்றை வைத்துக் கூட்டல் பெருக்கல் போலக் கணக்குப் போடலாம் என்று ஒரு நூல் எழுதினார். இந்த இரண்டும் ஒரே விஷயம்தான் என்று உலகம் உணர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1937ல் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், ரிலே சுவிட்சுகளின் சுற்றுகளைப் பூலின் இயற்கணிதத்தால் எழுதலாம் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். பிறகு கம்ப்யூட்டரும் அதே இயற்கணிதத்தின் மேல்தான் எழும்பியது.

ஒரு எடுத்துக்காட்டு பார்க்கலாம். இது ரயில்வேயின் ஆவணம் அல்ல, விளக்கத்துக்காக எழுதியது. 'தூக்குப்பாலம் இறங்கிப் பூட்டப்பட்டு, காற்றும் அளவுக்குள் இருந்தால் மட்டுமே சிக்னல் பச்சை ஆகலாம்.' இதில்:

ப = சிக்னல் பச்சை
இ = தூக்குப்பாலம் இறங்கியிருக்கிறது
பூ = பூட்டு விழுந்திருக்கிறது
கா = காற்று வரம்பைத் தாண்டியிருக்கிறது

அப்படியானால் விதி: ப எனில் (இ மற்றும் பூ மற்றும் கா-இல்லை).

ஒரு வரிதான். ஆனால் இதை எழுதி முடித்தவுடனேயே கேள்விகள் வந்து விழுகின்றன. வரம்புக்குச் சரியாகச் சமமாக இருந்தால் அது 'தாண்டியது' ஆகுமா? காற்று வரம்பின் ஓரத்திலேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் சிக்னலும் பச்சை சிவப்பு என்று ஆடுமா? பச்சையைப் பார்த்து ரயில் பாலத்தில் ஏறிய பிறகு காற்று கூடினால், பாலத்தின் நடுவில் நிறுத்துவதா, தொடர விடுவதா? அளவி கெட்டுப்போனால் 'கா' உண்மையா பொய்யா? இரண்டும் இல்லை, 'தெரியவில்லை' என்பதுதான் பதில். அந்த மூன்றாவது பதிலுக்குச் சூத்திரத்தில் இடமே இல்லை. பேச்சு மொழியில் எழுதியபோது இந்தக் கேள்விகள் யாருக்கும் தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பத்தி, மூன்று முயற்சிகள்

1968ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஏற்பாட்டில் ஒரு மாநாடு நடந்தது. பெரிய மென்பொருள்கள் நேரத்துக்கு முடிவதில்லை, முடிந்தாலும் கேட்டபடி இருப்பதில்லை என்ற கவலைதான் அங்கே பேச்சு. 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவியது அப்போதுதான்.

அடுத்த ஆண்டு, டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நார் ஒரு சின்னச் சிக்கலை எடுத்துக்கொண்டார். ஒரு நீண்ட உரையைக் குறிப்பிட்ட அகலத்துக்குள் அடங்கும் வரிகளாக உடைக்க வேண்டும். தேவையை ஒரு சிறு பத்தியில் எழுதினார். நிரலையும் கொடுத்து, அது ஏன் சரி என்றும் வாதிட்டார். 1975ல் குட்எனஃப், கெர்ஹார்ட் என்ற இருவர் அந்த நிரலில் பல பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். காரணம் நிரல் மட்டுமல்ல, தேவையே தெளிவாக இல்லை என்று அதை மிக நீளமாகத் திருத்தி எழுதினார்கள். 1985ல் பெர்ட்ராண்ட் மேயர் அந்த நீளமான பத்தியையும் பிரித்துப் பார்த்தார். அதிலும் முரண்கள், இரட்டைப் பொருள்கள், தேவையில்லாத சொற்கள்! இத்தனைக்கும் அது வல்லுநர்கள் மிகக் கவனமாக எழுதியது.

மேயர் தேவைகளை எழுதுபவர்கள் செய்யும் ஏழு பாவங்களைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று 'மௌனம்', அதாவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. அவர் சொன்ன வழி எளிமையானது. முதலில் தேவையைக் கணிதமாக எழுதுங்கள். பிறகு அந்தக் கணிதத்தைப் படித்துவிட்டு, மறுபடி சாதாரண மொழியில் எழுதுங்கள். இரண்டாவது முறை எழுதும் சாதாரண மொழி, முதல் முறை எழுதியதை விடச் சுத்தமாக இருக்கும்.

தமிழில் சொன்னால் தப்பிக்கலாமா?

முடியாது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'எல்லாப் பூட்டுகளும் விழவில்லை என்றால் மணி அடிக்க வேண்டும்.' நான்கு பூட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று விழுந்து ஒன்று விழவில்லை. மணி அடிக்க வேண்டுமா? 'நான்கும் விழுந்தால்தான் சரி' என்று புரிந்துகொண்டவர் அடிக்க வேண்டும் என்பார். 'ஒன்றுகூட விழாவிட்டால்தான்' என்று புரிந்துகொண்டவர் வேண்டாம் என்பார். இருவர் படித்ததும் நல்ல தமிழ்தான். ஆனால் பாலத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்று 'வரை'. 'காற்று அடங்கும் வரை சிக்னல் சிவப்பாக இருக்கும்.' காற்று அடங்கிய பிறகு என்ன? பச்சை ஆகும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. காற்று அடங்கியே தீரும் என்று சொல்கிறதா? அதுவும் இல்லை. இப்படி 'எப்போதும்', 'என்றாவது', 'அது வரை' போன்ற காலச் சொற்களுக்கும் கணிதம் உண்டு. 1977ல் அமிர் புனுவேலி என்ற இஸ்ரேலிய அறிஞர் காலத் தர்க்கத்தை நிரல்களுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1996ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அந்தத் தர்க்கத்தில் 'வரை'க்கே இரண்டு வகை இருக்கிறது. முடிவு வந்தே தீர வேண்டும் என்பது ஒன்று, வராமலும் போகலாம் என்பது இன்னொன்று. பேச்சில் நாம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகிறோம்.

சூத்திரம் ஜெயித்த இடம், தோற்ற இடம்

1998 அக்டோபரில் பாரிஸ் நகரில் 14ஆம் எண் மெட்ரோ பாதை ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு மென்பொருள் 'பி' என்ற முறைப்படி எழுதப்பட்டது. ழான்-ரேமோன் அப்ரியால் உருவாக்கிய முறை அது. தேவையைக் கணிதமாக எழுதி, படிப்படியாக விரித்து, ஒவ்வொரு படியும் முந்தைய படிக்கு உண்மையாக இருக்கிறது என்று நிரூபித்துக்கொண்டே போவார்கள். கடைசியில் சுமார் 86,000 வரி நிரல் கிடைத்தது. நிரூபணம் முடிந்த பிறகு செய்த சோதனைகளில் அந்தப் பகுதியில் பிழை எதுவும் அகப்படவில்லை.

ஆனால் 1993 செப்டம்பர் 14 அன்று வார்சா விமான நிலையத்தில் நடந்தது வேறு கதை. விமானம் தரையில் இருக்கும்போது மட்டுமே சில பிரேக் சாதனங்கள் இயங்க வேண்டும். நியாயமான தேவை. 'தரையில்' என்பதை எப்படி வரையறுப்பது? இரண்டு பக்கச் சக்கரக் கால்களிலும் போதிய எடை அழுத்த வேண்டும், அல்லது சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்தில் சுழல வேண்டும். அன்று காற்றும் மழையும் இருந்தன. பக்கக் காற்றை எதிர்பார்த்து விமானி ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கினார். ஒரு கால் தரையைத் தொட்டு ஏறக்குறைய ஒன்பது நொடி கழித்துத்தான் மறுகால் தொட்டது. ஓடுபாதையில் தண்ணீர். சக்கரமும் சரியாகச் சுழலவில்லை. விமானம் 'நான் இன்னும் தரையில் இல்லை' என்றே கணக்கிட்டது. ஓடுபாதை தீர்ந்து மண்மேட்டில் மோதி இருவர் இறந்தார்கள்.

மென்பொருள் தன் வரையறைக்கு முழுக்கக் கீழ்ப்படிந்தது. வரையறைதான் அந்த நாளைப் பார்த்திருக்கவில்லை. முறைசார் வரையறை சந்தேகத்தைத்தான் நீக்கும், அறியாமையை நீக்காது.

58

பாம்பன் பாலத்தில் பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் பொருத்தப்பட்டது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு. ரயில் பாலத்தில் ஏறாது. பியூபோர்ட் அளவில் இது 7க்குள் வரும் காற்று. 'பலமாக' என்ற சொல்லின் இடத்தில் இப்போது ஓர் எண். அதை விட முக்கியமானது, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது. ரயில் கரையில், நிற்பது உண்மையிலேயே பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் நிற்கிறது.

பழைய பாலத்தின் தூக்குப் பகுதியில் ஏற்பட்ட கோளாறால் 2022 டிசம்பர் 23 முதல் ரயில் நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நூறு கண்கள். அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் அப்படியே லிப்ட் போல 17 மீட்டர் வரை மேலே எழும்பும். லீவர் சுற்றும் ஆட்கள் இல்லை. மோட்டாரும் கணினிக் கட்டுப்பாடும்தான். அதே 58 கிலோமீட்டர் வரம்பு இங்கேயும் உண்டு. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும், ரயிலும் நிற்கும்.

திறப்புக்கு முன், 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தை ஆய்வு செய்து சில குறைகளைச் சுட்டினார். பாலத்தில் 75 கிலோமீட்டர் வேகம் வரை, தூக்கும் கண்ணில் 50 வரை என்று அனுமதி கொடுத்தார். ரயில்வே பொது விதிகளின் முதல் அத்தியாயம் முழுக்க வரையறைகள்தான் என்பதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். அங்கே 'தடை' என்ற சொல்லுக்குள் ரயில், வண்டி, பொருள் மட்டுமல்ல, ரயிலுக்கு ஆபத்தான எந்த நிலையும் அடங்கும். மனிதருக்கு அது நல்ல வரையறை, எதையும் விட்டுவிடாது. இயந்திரத்துக்கு அது வரையறையே அல்ல! 'ஆபத்தான எந்த நிலையும்' என்பதை எந்தக் கருவி அளக்கும்? அனிமோமீட்டர் காற்றை அளக்கும். கடல் மட்டம் ஏறுவதை அதனிடம் கேட்டால் பதில் வராது. அதற்கு வேறு அளவி வேண்டும், அல்லது ஒரு மனிதர் வேண்டும்.

இன்று

2009ல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனப் பொறியாளர்கள் தேவைகளை எழுதச் சில எளிய வாக்கிய அச்சுகளை வெளியிட்டார்கள். 'இது நடக்கும்போது, இந்தச் சாதனம், இதைச் செய்ய வேண்டும்' என்பது போன்ற அமைப்பு. நாசாவும் இப்படிக் கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தில் எழுதினால் தானாகவே காலத் தர்க்கச் சூத்திரமாக மாற்றித் தரும் ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. 2020க்குப் பிறகு வந்த பெரிய மொழி மாதிரிகளோ எந்த அச்சும் இல்லாமல் எழுதிய வாக்கியத்தையும் சூத்திரமாக்கித் தருகின்றன.

வேகம் கூடியிருக்கிறது. ஆனால் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. 'எல்லாப் பூட்டுகளும் விழவில்லை என்றால்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் கருவி ஏதோ ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அழகான சூத்திரம் கொடுத்துவிடும். அது தேர்ந்தெடுத்ததே தெரியாமல் போகலாம். எழுதியவர் நினைத்தது அதுதானா என்பதைச் சூத்திரத்தை வைத்து நிரூபிக்க முடியாது. எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.

முடிவுரை

மேயர் சொன்னபடி, முதல் வரியைக் கணிதம் வழியாகச் சுற்றிவந்து மறுபடி தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்?

"பாலத்தின் மேல் அளக்கப்படும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், அளவியிலிருந்து தகவல் வராவிட்டாலும், இரு கரைகளிலும் உள்ள சிக்னல்கள் சிவப்பாக இருக்க வேண்டும். காற்று வரம்புக்குக் கீழே வந்து, குறித்த நேரம் தொடர்ந்து அப்படியே இருந்த பிறகுதான் மறுபடி பச்சைக்கு அனுமதி. ஏற்கெனவே பாலத்தில் ஏறிவிட்ட ரயிலுக்கு என்ன செய்வது என்பதைத் தனி விதியாக எழுத வேண்டும்."

முதல் வரியின் அழகு இதில் இல்லை. ஆனால் மண்டபத்தில் இருப்பவரும் பாம்பனில் இருப்பவரும் இதை ஒரே மாதிரிதான் படிப்பார்கள். கடைசி வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. அதுதான் இந்த முறையின் உண்மையான லாபம். விட்டுப்போனது எது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1964ல் அந்தக் கேள்வி நள்ளிரவில், தனுஷ்கோடி மணல் திட்டில், ஒரு ரயில் டிரைவரின் முன் வந்து நின்றது. பதில் யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

மேசையில் உட்கார்ந்து தேவைகளை எழுதுபவர்களுக்கு அந்த நேரம் இருக்கிறது.